நெப்ராஸ்கா மீண்டும் எழுமா? அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் வீழ்ச்சியும் மீட்சியும்

அமெரிக்காவின் நடுப்பகுதியில், சோள வயல்கள் சூழ்ந்த நெப்ராஸ்கா மாநிலத்தின் தலைநகரான லிங்கனில், அம்மாநிலப் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அரங்கம் இருக்கிறது. 85,000 பேருக்கு மேல் அமரக்கூடிய அந்த அரங்கத்தின் நுழைவுச்சீட்டுகள் 1962 நவம்பரிலிருந்து ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முழுமையாக விற்றுத் தீர்ந்து வருவதாகப் பல்கலைக்கழகம் கணக்கு வைத்திருக்கிறது. ஆட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில், ஓமஹா, லிங்கன் ஆகிய இரு நகரங்களை விட்டால் மாநிலத்தின் வேறு எந்த ஊரிலும் அந்த அரங்கத்தில் இருக்கும் அளவுக்கு மக்கள் இருப்பதில்லை. இத்தனைக்கும் அந்த அணி கடைசியாகத் தேசியப் பட்டம் வென்றது 1997-இல். தான் சேர்ந்திருந்த லீக்கில் கடைசியாக முதலிடம் பெற்றது 1999-இல்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் பிறந்தவுடன், நெப்ராஸ்கா பழைய நிலைக்குத் திரும்புமா என்ற விவாதமும் பிறந்துவிடுகிறது. சரியான பயிற்சியாளர் ஒருவர் கிடைத்தால் போதும் என்று ஒரு தரப்பினரும், அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று மற்றொரு தரப்பினரும் சொல்லி வருகிறார்கள். அந்தப் பழைய நிலை எவற்றால் ஆனது என்பதை இரு தரப்பினருமே பெரும்பாலும் விசாரிப்பதில்லை. அதை விசாரித்தால், இரண்டு பதில்களும் பாதி உண்மையாகவே நிற்கின்றன என்பது தெரியவரும்.

முதலில் சில அடிப்படைகள்

இங்கே பேசப்படுவது காலால் உதைத்து ஆடும் கால்பந்து அன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், முன்னால் எறிந்தும், எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டும் அமெரிக்கக் கால்பந்து. அதன் கல்லூரிப் போட்டிகளை என்.சி.ஏ.ஏ. என்ற தேசிய அமைப்பு நெறிப்படுத்துகிறது. பல்கலைக்கழகங்கள் தமக்குள் லீக்குகளாகச் சேர்ந்து ஆடுகின்றன. அத்தகைய லீக்குக்குக் ‘கான்பரன்ஸ்’ என்று பெயர். நெப்ராஸ்கா 2011 முதல் ‘பிக் டென்’ என்ற கான்பரன்ஸில் இருக்கிறது. பெயரில்தான் பத்து, இன்று அதில் 18 அணிகள் உள்ளன.

மாணவர் ஒருவர் நான்கைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆட முடியாது என்பதால், எந்த அணியும் ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ முழுவதுமாக ஆள் மாறிவிடும். ஆகவே நாற்பது ஆண்டுகள் ஓர் அணி வென்றது என்றால், வென்றது வீரர்களின் ஒரு கூட்டம் அன்று. புதிய வீரர்களைத் தொடர்ந்து தேடிக் கொண்டுவந்து, வளர்த்து, களத்தில் இறக்கிய ஓர் அமைப்பு. பயிற்சியாளர்கள், வீரர்களைத் தேடுவோர், உடற்பயிற்சிக் கூடம், நன்கொடையாளர்கள், அரங்கம் எல்லாம் சேர்ந்த அந்த அமைப்பையே அமெரிக்கர்கள் ‘புரோகிராம்’ என்கிறார்கள்.

இன்னொரு அடிப்படை வேறுபாடும் உண்டு. அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல், முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணியே புதிய வீரர்களை முதலில் தேர்ந்தெடுக்கும். நலிந்தவரைத் தூக்கிவிடும் ஏற்பாடு விதியிலேயே இருக்கிறது. கல்லூரிக் கால்பந்தில் அப்படி எதுவும் இல்லை. உயர்நிலைப் பள்ளி மாணவரே தாம் சேரும் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுக்கிறார். அவரை நம் பக்கம் இழுக்கும் வேலைக்கு ‘ரெக்ரூட்டிங்’ என்று பெயர். வெல்லும் அணிக்கு நல்ல வீரர்கள் வருவார்கள்; நல்ல வீரர்கள் வந்ததால் அது மேலும் வெல்லும். தோற்கும் அணியில் இதே சக்கரம் எதிர்த்திசையில் சுழலும்.

சுருக்கமாக: வீரர்கள் நிலையில்லாதவர்கள், புரோகிராம் நிலையானது, சறுக்கியவரைத் தானாகத் தூக்கிவிடும் ஏற்பாடு இந்த விளையாட்டில் கிடையாது.

உச்சத்தில் இருந்த நெப்ராஸ்கா

1962-இல் பாப் டெவேனி தலைமைப் பயிற்சியாளராக வந்தார். 1970, 1971 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் தேசியப் பட்டத்தை வென்றார். அவரிடம் உதவியாளராக இருந்த டாம் ஆஸ்பர்ன் 1973 முதல் 1997 வரை 25 பருவங்கள் பொறுப்பில் இருந்து, 255 ஆட்டங்களில் வென்று, 49-இல் தோற்று, 3-ஐச் சமன்செய்தார். 1994, 1995, 1997 ஆகிய ஆண்டுகளின் பட்டங்கள் அவருடையவை. கடைசிப் பட்டத்தை மிச்சிகனுடன் பகிர்ந்துகொள்ள நேர்ந்தது. அவருடைய கடைசி ஐந்து பருவங்களில் மட்டும் 60 வெற்றிகளும் 3 தோல்விகளும். 1995 பருவத்தின் இறுதியில், அதுவரை தோல்வி காணாதிருந்த ஃப்ளோரிடா அணியை 62-24 என்று வீழ்த்தியது இன்றும் பேசப்படுகிறது.

பட்டங்களைவிட வியப்பானது சீர்மை. 1969 முதல் 2001 வரை தொடர்ந்து 33 பருவங்களில் அந்த அணி ஒன்பது ஆட்டங்களுக்குக் குறையாமல் வென்றது. இப்படி வென்ற மாநிலத்தின் மக்கள்தொகை இன்றைக்கும் ஏறத்தாழ 20 இலட்சம்தான் என்பதையும், அங்கே பெரிய தொழில்முறை அணி ஒன்றுகூட இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். திறமையான இளைஞர்கள் குவிந்திருக்கும் டெக்சஸ், ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா ஆகிய மாநிலங்கள் எல்லாமே தொலைவில் இருக்கின்றன.

அந்த வெற்றி எவற்றால் ஆனது?

நெடுஞ்சாலை ஓரத்து ஊர் ஒன்றில் பெயர்பெற்ற ஓர் உணவகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டிகள் அங்கே நிற்பதற்குச் சமையற்காரரின் கைப்பக்குவம் ஒரு காரணம். சாலை அந்த ஊருக்குள்ளேயே சென்றதும், அடுத்த ஊர் வரை வேறு நல்ல கடை இல்லாததும் மற்றக் காரணங்கள். புறவழிச்சாலை வந்து, அதன் ஓரத்தில் அதே பக்குவத்தில் நான்கு கடைகளும் முளைத்தபின், பழைய உணவகத்தின் முதலாளி சமையற்காரரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் கூட்டம் திரும்பிவிடாது.

நெப்ராஸ்காவின் சாலைகள் எவை என்று பார்ப்போம். முதலாவது உடல்வலுப் பயிற்சி. எடை தூக்கினால் வீரரின் வேகம் குறையும் என்று பலரும் நம்பிய காலத்தில், 1969-இல், பாய்ட் எப்லி என்பவரை உடல்வலுப் பயிற்சிக்கென்றே நெப்ராஸ்கா அமர்த்தியது. மற்றவர்கள் விழித்துக்கொள்ளும்வரை, நெப்ராஸ்காவின் வீரர்கள் எதிரணியினரைவிட உடலால் ஒரு படி முன்னால் இருந்தார்கள்.

இரண்டாவது ‘வாக்-ஆன்’ முறை. உதவித்தொகை இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டே அணியில் சேரும் மாணவருக்கு வாக்-ஆன் என்று பெயர். ஒரு பல்கலைக்கழகம் எத்தனை கால்பந்து வீரர்களுக்கு உதவித்தொகை தரலாம் என்பதற்கு 1973 வரை தேசிய அளவில் வரம்பே இல்லை. பிறகு 105, 95 என்று குறைந்து, 1994-இல் 85 ஆயிற்று. வரம்பு இறுக இறுகப் பெரிய அணிகள் எல்லாம் மெலிந்தபோது, நெப்ராஸ்கா மட்டும் தன் மாநிலத்துப் பண்ணைக் குடும்பங்களிலிருந்து வந்த வாக்-ஆன் மாணவர்களால் அந்த இடைவெளியை நிரப்பிக்கொண்டது. வேறு பெரிய அணி இல்லாத மாநிலத்தில், அந்தச் சிவப்புச் சட்டையை அணிவதற்காகவே வேறு கல்லூரிகளின் உதவித்தொகையை உதறிவிட்டு வந்தவர்கள் உண்டு. 85 என்ற வரம்பு முழுமையாக நடைமுறைக்கு வந்த 1994-ஆம் ஆண்டிலேயே நெப்ராஸ்கா பட்டம் வென்றது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. உதவித்தொகை வரம்புதான் நெப்ராஸ்காவை வீழ்த்தியது என்று அடிக்கடி சொல்லப்படும் விளக்கம், இந்த ஓர் ஆண்டைக் கொண்டே தள்ளாடிவிடுகிறது.

மூன்றாவது ஆட்ட முறை. குவார்ட்டர்பேக் என்பவர் ஒவ்வொரு நகர்விலும் பந்தை முதலில் பெற்று ஆட்டத்தை நடத்துபவர். எதிரணி வீரர் ஒருவரின் அசைவைப் பார்த்து, பந்தைத் தானே வைத்துக்கொண்டு ஓடுவதா, பக்கத்தில் வருபவருக்குக் கொடுப்பதா என்று அந்த நொடியில் அவர் முடிவெடுக்கும் ‘ஆப்ஷன்’ முறையை ஆஸ்பர்ன் மெருகேற்றினார். இந்த முறைக்குப் பந்தைத் துல்லியமாக எறியும் அபூர்வ வீரர் தேவையில்லை. பலமான முன்வரிசையும், நெடுங்காலப் பழக்கமும் போதும். இரண்டையும் லிங்கனிலேயே உருவாக்க முடிந்தது.

நான்காவது தொலைக்காட்சி. கல்லூரிக் கால்பந்து ஒளிபரப்பு முழுவதும் 1984 வரை என்.சி.ஏ.ஏ.-வின் கட்டுப்பாட்டில் இருந்தது. சில ஆட்டங்களே நாடு முழுவதும் காட்டப்பட்டன, அவற்றில் இடம்பெற்ற சில அணிகளுள் நெப்ராஸ்காவும் ஒன்று. திரையில் தெரிவதே ரெக்ரூட்டிங்கில் பாதி வேலையாக இருந்த காலம் அது.

இவை எல்லாவற்றையும் கட்டிக் காத்தது ஐந்தாவது சாதகமான தொடர்ச்சி. 1962 முதல் 2003 வரை மூன்றே தலைமைப் பயிற்சியாளர்கள். பின்வந்த இருவரும் தமக்கு முந்தையவரின் உதவியாளராக இருந்தவர்கள்.

சாதகங்கள் கரைந்த கதை

1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஒளிபரப்பின்மீது என்.சி.ஏ.ஏ. வைத்திருந்த ஏகபோகத்தை உடைத்தது. அதன் விளைவு உடனே தெரியவில்லை. ஆனால் கேபிள் தொலைக்காட்சி பெருகியபின், ஏறத்தாழ எல்லா அணிகளுமே வீட்டுத் திரைக்கு வந்துவிட்டன. எடைப்பயிற்சிக் கூடங்கள் எங்கும் வந்தன. 1996-இல் டெக்சஸ் அணிகளுடன் சேர்ந்து ‘பிக் 12’ கான்பரன்ஸ் உருவானபோது, கல்வித் தகுதியில் ஒரு பகுதியை மட்டும் நிறைவு செய்த மாணவர்களைச் சேர்ப்பதை அது கடுமையாகக் கட்டுப்படுத்தியது. அத்தகைய மாணவர்களுக்கு வாய்ப்பளித்து வந்த நெப்ராஸ்கா அதனை எதிர்த்தும் பயனில்லை.

இவையெல்லாம் வெளியிலிருந்து வந்தவை. தொடர்ச்சியை மட்டும் நெப்ராஸ்கா தானாகவே அறுத்துக்கொண்டது. ஆஸ்பர்னுக்குப் பின் தலைமைப் பயிற்சியாளரான ஃபிராங்க் சோலிச் தம் ஆறு பருவங்களில் 58 வெற்றிகளும் 19 தோல்விகளும் பெற்றவர். 2001 பருவத்தின் தேசிய இறுதியாட்டம் வரை அணியைக் கொண்டுசென்றவர். 2003-இல் ஒன்பது ஆட்டங்களை வென்ற பிறகும் அவர் நீக்கப்பட்டார். அடுத்து வந்த பில் கேலஹன் ஆப்ஷனைக் கைவிட்டு, எறிந்து ஆடும் தொழில்முறைப் பாணிக்கு அணியை மாற்றினார். வாக்-ஆன் முறையும் அவர் காலத்தில் சுருங்கியது. எறிந்து ஆடும் ஆட்டத்துக்குத் தேவையான வீரர்கள் தொலைவிலிருக்கும் மாநிலங்களில்தான் மிகுதி என்பதால், உள்ளூரில் கிடைப்பதைக் கொண்டு வென்ற அணி, உள்ளூரில் கிடைக்காததைத் தேடி மற்றவர்களோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று. என் கணிப்பில், வீழ்ச்சியின் மையம் இதுதான்.

2011-இல் பிக் டென்னுக்கு மாறியதால் பணம் வந்தது; டெக்சஸில் ஆண்டுதோறும் ஆடும் வாய்ப்பும், ஒக்லஹோமாவுடனான பழைய பகைமையில் எஞ்சியிருந்ததும் போயின.

மொத்தத்தில், நெப்ராஸ்காவுக்கு மட்டும் உரியதாக இருந்தவற்றில் சில எல்லோருக்கும் பொதுவாயின, சிலவற்றை அதுவே கைவிட்டது.

பயிற்சியாளர் ஒருவர் போதுமா?

போதும் என்பவர்கள் அலபாமாவைச் சுட்டுவார்கள். 1992-இல் பட்டம் வென்ற அலபாமா, பின்னர் பத்தாண்டுகளுக்கு மேல் தடுமாறியது. 2007-இல் நிக் சேபன் வந்தார். 2009 முதல் 2020-க்குள் ஆறு தேசியப் பட்டங்கள் வந்தன. சேபனின் திறமையை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அலபாமாவைச் சுற்றியிருக்கும் ஜார்ஜியா, ஃப்ளோரிடா, மிசிசிப்பி, லூசியானா ஆகிய மாநிலங்கள், சேபன் வருவதற்கு முன்பும் நாட்டின் சிறந்த பள்ளி வீரர்களைக் கொண்டிருந்தவை. அங்கே சாலை மாறவே இல்லை.

நெப்ராஸ்கா 2004 முதல் ஐந்து தலைமைப் பயிற்சியாளர்களைப் பார்த்துவிட்டது. அவர்களுள் போ பெலினி ஏழு பருவங்களிலும் ஒன்பது ஆட்டங்களுக்குக் குறையாமல் வென்றவர். அது போதாது என்று 2014-இல் அனுப்பப்பட்டார். அதற்குப் பிறகு ஒன்பது வெற்றிகள் கிடைத்தது 2016-இல் ஒரே ஒருமுறைதான். 2018-இல் வந்த ஸ்காட் ஃப்ராஸ்ட், 1997-இல் பட்டம் வென்ற அணியின் குவார்ட்டர்பேக். அதற்கு முந்தைய ஆண்டு சென்ட்ரல் ஃப்ளோரிடா அணியைத் தோல்வியே இல்லாமல் 13 வெற்றிகளுக்கு இட்டுச் சென்றவர். மண்ணின் மைந்தர் வந்துவிட்டார் என்று மாநிலமே கொண்டாடியது. அவர் 16 ஆட்டங்களில் வென்று 31-இல் தோற்று, 2022 செப்டம்பரில் நீக்கப்பட்டார்.

அவருடைய 2021 பருவம் தனியே கவனிக்கத் தக்கது. அந்த ஆண்டு நெப்ராஸ்கா 3 ஆட்டங்களில் வென்று 9-இல் தோற்றது. ஒன்பது தோல்விகளிலும் புள்ளி வேறுபாடு ஒற்றை இலக்கமே. நெருக்கமான ஆட்டங்களின் முடிவில் தற்செயலுக்குப் பங்கு அதிகம் என்பதால், ஓராண்டு அவற்றை எல்லாம் இழந்த அணி மறு ஆண்டு பாதியையாவது வெல்லும் என்பது பொதுவாகச் சரியான கணிப்பு. ஆனால் 2022-இல் கிடைத்தவை 4 வெற்றிகளும் 8 தோல்விகளும். துரதிர்ஷ்டம் என்று சொல்லப்பட்டதில் ஒரு பகுதி, கடைசிக் கால்மணி நேரத்தில் தாங்கி நிற்கும் பலம் அணியில் இல்லாததுதான்.

விதிகள் மறுபடியும் மாறின

இதுவரை சொன்னதைக் கேட்பவர், மீட்சிக்கு வழியே இல்லை என்று முடிவு கட்டலாம். 2020 வரை அந்த முடிவு பெருமளவு சரி. அதன்பின் மூன்று மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன.

முன்பு வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறும் வீரர் பொதுவாக ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும். 2018-இலேயே ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ வந்திருந்தது. மாற விரும்பும் வீரர்கள் தம் பெயரைப் பதிவு செய்யும் பட்டியல் அது. 2021-இல் காத்திருக்கும் விதியும் தளர்ந்தது. அதே 2021 ஜூலையில், வீரர் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெறும் ‘என்.ஐ.எல்.’ உரிமை வந்தது. 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், முதல் ஆண்டுக்கு எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை. மூன்றாவதாக, தேசியப் பட்டத்துக்கான ‘பிளேஆஃப்’ என்னும் முடிவுச் சுற்றில் இடம்பெறும் அணிகள் 2024 பருவத்தில் நான்கிலிருந்து பன்னிரண்டாயின.

இவற்றின் விளைவை இந்தியானாவைவிடத் தெளிவாகக் காட்டும் அணி வேறில்லை. கால்பந்தில் வரலாறு நெடுகத் தோல்விக்குப் பெயர்போன அந்தப் பல்கலைக்கழகம் 2023-இல் 3 ஆட்டங்களில் மட்டுமே வென்றது. அந்த ஆண்டின் இறுதியில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்ற கர்ட் சிக்னெட்டி, தாம் முன்பு இருந்த ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து வீரர்கள் பலரைப் போர்ட்டல் வழியே உடன் அழைத்துவந்தார். 2024-இல் 11 வெற்றிகள், 2 தோல்விகள். அந்த ஆண்டு அக்டோபரில் அவர்களிடம் 56-7 என்று நசுங்கிய அணி வேறு யாருமில்லை, நெப்ராஸ்காதான். 2025 பருவத்தில் கலிஃபோர்னியாவிலிருந்து மாறிவந்த குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசாவின் துணையோடு, 16 ஆட்டங்களிலும் வென்று இந்தியானா தேசியப் பட்டத்தைக் கைப்பற்றியது. பள்ளிக் காலத்தில் உயர்ந்த மதிப்பீடு பெற்ற வீரர்களைப் பெரும்பான்மையாகக் கொண்ட அணியே பட்டம் வெல்லும் என்று பல ஆண்டுகளாகப் பொய்க்காமல் வந்த கணக்கு அன்று பொய்த்தது.

இறுதியாட்டத்தில் அவர்களிடம் தோற்ற மயாமி, நெப்ராஸ்காவைப் போலவே ஒரு முன்னாள் வல்லரசு: 1983 முதல் 2001-க்குள் ஐந்து பட்டங்கள், பிறகு நெடும் வறட்சி. அதன் பயிற்சியாளர் மரியோ கிறிஸ்டோபலும், ஃப்ராஸ்ட்டைப் போலவே, தம் பல்கலைக்கழகத்துக்காக ஆடிப் பட்டம் வென்றவர். ஆகவே பழைய வீரரைப் பயிற்சியாளராக்குவது நன்றா தீதா என்ற விவாதம் எதையும் தீர்ப்பதில்லை. மயாமிக்குத் தெற்கு ஃப்ளோரிடாவின் பள்ளி வீரர்கள் கூப்பிடு தொலைவில் இருந்தார்கள். குறைந்ததைப் போர்ட்டல் நிரப்பியது.

அதாவது, தொலைவு என்ற பழைய தடை இப்போது தாழ்ந்திருக்கிறது. அது எல்லோருக்கும்தான் தாழ்ந்திருக்கிறது.

மீள்வது என்றால் எது?

பிளேஆஃபில் ஒருமுறை நுழைவதுதான் மீட்சி என்றால், நெப்ராஸ்காவால் அது நிச்சயம் முடியும். பிக் டென்னின் ஒளிபரப்பு ஒப்பந்தம் ஏழு ஆண்டுகளுக்கு 700 கோடி டாலருக்கு மேற்பட்டது. நிறைந்த அரங்கமும், பணம் தரத் தயங்காத விசுவாசிகளும் இருக்கிறார்கள். இந்தியானாவிடம் இருந்ததைவிட இவை அதிகம். ஆண்டுதோறும் பட்டத்துக்குப் போட்டியிடும் அணிகளுள் ஒன்றாக இருப்பது அதைவிடக் கடினம். ஏனெனில் வீரரைக் கொண்டுவரும் அதே போர்ட்டல், அவர் வளர்ந்தபின் கொண்டுபோகவும் செய்கிறது. 1990-களைப் போல ஐந்து பருவங்களில் மூன்றே தோல்விகள் என்ற ஆதிக்கத்தைப் பற்றிக் கேட்டால், நெப்ராஸ்காவுக்கு மட்டுமன்று, இன்றைய விதிகளில் எந்த அணிக்கும் அது எட்டாது என்றே நினைக்கிறேன்.

புதிய ஏற்பாட்டில் ஒரு முரணும் இருக்கிறது. வீரர்களுக்குப் பணம் தர வழிசெய்த 2025-ஆம் ஆண்டின் நீதிமன்ற உடன்பாடு, உதவித்தொகை வரம்பை நீக்கிவிட்டு, அணியின் மொத்த எண்ணிக்கையை 105 ஆகக் கட்டுப்படுத்தியது. ஏற்கெனவே அணிகளில் இருந்தவர்களுக்கு விலக்கு உண்டு என்றாலும், நூற்றைம்பது பேர் வரை வைத்திருந்து, அவர்களுள் பலரை மூன்று நான்கு ஆண்டுகள் பொறுமையாக வளர்க்கும் வாக்-ஆன் மரபுக்கு இனி இடம் மிகக் குறைவு. பழைய வழியில் திரும்ப நினைத்தாலும், அந்தப் பாதை விதியாலேயே அடைபட்டுவிட்டது.

2022 இறுதியில் பொறுப்பேற்ற மேட் ரூல், 2023-இல் 5 வெற்றிகளும் 7 தோல்விகளும், அடுத்த இரண்டு பருவங்களிலும் 7 வெற்றிகளும் 6 தோல்விகளும் பெற்றிருக்கிறார். 2024-இல் கிடைத்தது எட்டு ஆண்டுகளில் முதல்முறையாகத் தோல்விகளைவிட வெற்றிகள் மிகுந்த பருவம். முன்னேற்றம்தான், ஆனால் புதிதாகக் கவனிக்கத் தொடங்குபவர், ஆகஸ்டில் வெளியாகும் தரவரிசைகளை விட்டுவிட்டு நவம்பரைப் பார்ப்பது நல்லது. அந்த மாதத்தில்தான் காயங்கள் சேர்ந்திருக்கும், குளிர் இறங்கியிருக்கும், பந்தை எறிவது கடினமாகியிருக்கும். முன்வரிசையில் மாற்று ஆள் உள்ள அணியே நிற்கும். ரூலின் முதல் மூன்று நவம்பர்களில் நெப்ராஸ்கா ஆடிய 12 ஆட்டங்களில் வென்றவை இரண்டு.